2 கேபி பாட்டு பாடாது

கேள்வி: தம்பி, தாராவியில முப்பது வருஷமா மைக்செட் வச்சிருக்கேன். கேசட்டு, சிடி எல்லாம் போய் இப்போ பாட்டு பூரா வீட்டுக் கம்ப்யூட்டர்லதான், பன்னிரண்டாயிரத்துக்கு மேல. விண்டோஸ் 7. மகள் புது லேப்டாப் வாங்கித் தந்தா. டெஸ்க்டாப்ல இருந்த பாட்டு ஃபோல்டரையெல்லாம் 16 ஜிபி பென்டிரைவ்ல ஏத்தினேன், ஒரு நிமிஷம்கூட ஆகலை. அதே கம்ப்யூட்டர்ல சொருகிப் பார்த்தேன், நல்லாப் பாடுச்சு. லேப்டாப்ல போட்டா ஒண்ணும் பாடலை. சிடியில இருந்து காப்பி பண்ணதும் பாடலை. பாட்டுப் போடுற விண்ஆம்ப் மென்பொருளோட ஃபோல்டரை அப்படியே கொண்டாந்தேன், ஏதோ டிஎல்எல் இல்லைங்குது. புதுசா இறக்கிப் போட்டா, ஸ்டோர்ல இருந்துதான் போடணும்ங்குது. போன மாசம் ஒரு சடங்கு வீட்டுல பிள்ளையார் பாட்டு வரவேண்டிய இடத்துல ஆம்ப்ளிஃபயர் குத்துப்பாட்டை எடுத்து விட்டுருச்சு, பெரியவங்க முகத்தைப் பார்க்க முடியலை. மகளோட ஐபோன்லயும் ஊர் வில்லுப்பாட்டு ஏறமாட்டேங்குது. பழைய கம்ப்யூட்டர் வேற டக்டக்னு சத்தம் போடுது. பாட்டுதான் பென்டிரைவ்ல வந்தாச்சேன்னு ஞாயித்துக்கிழமை அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் பங்கார்ல, அதான் பழைய இரும்புக் கடையில, போடப்போறேன். லேப்டாப்தான் சரியில்லையா? பொங்கலுக்கு முன்ன சரியாகணும்.

பதில்: அண்ணாச்சி, முதல் வேலையாகப் பங்கார்காரருக்குப் போன் போட்டு, இந்த ஞாயிறு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

உங்கள் லேப்டாப்பில் ஒரு பழுதும் இல்லை. பென்டிரைவில்தான் பாட்டு இல்லை. அதற்கான சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சாதாரண எம்பி3 பாட்டு, ஐந்து நிமிடம் ஓடுகிறது என்றால், கிட்டத்தட்ட 5 எம்பி இருக்கும். பன்னிரண்டாயிரம் பாட்டு என்றால் 60 ஜிபி. குறுணி நெல் நாழிக்குள் அடங்குமா? 60 ஜிபி எப்படி 16 ஜிபி பென்டிரைவில் அடங்கியது? அதுவும் ஒரு நிமிடத்தில்! மலிவான பென்டிரைவில் 60 ஜிபி ஏற்ற ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும்.

நீங்கள் ஏற்றியது பாட்டை அல்ல, குறுக்குவழிப் படங்களை. டெஸ்க்டாப்பில் இருக்கும் அந்த ஃபோல்டர் படங்களின் இடது கீழ் மூலையைப் பாருங்கள், வளைந்த அம்புக்குறி ஒன்று இருக்கும். அந்தக் குறி இருந்தால் அது ‘ஷார்ட்கட்’. பாட்டு, பெரும்பாலும் டி டிரைவில், எங்கோ உள்ளே கிடக்கிறது. டெஸ்க்டாப்பில் இருப்பது ‘தொண்ணூறு அடி சாலை, இன்ன சந்து, மூன்றாவது வீடு’ என்று விலாசம் எழுதிய துண்டுச் சீட்டு. சீட்டுகளை மட்டும் பொறுக்கிப் பென்டிரைவில் போட்டிருக்கிறீர்கள்.

பழைய கம்ப்யூட்டரில் சொருகியபோது பாடியதே என்று கேட்பீர்கள். பாடத்தான் செய்யும். சீட்டைப் பார்த்து அது தன்னுடைய டி டிரைவுக்குள் போய் அங்கிருந்த பாட்டை எடுத்துப் பாடியது. லேப்டாப்பில் அந்தச் சந்தும் இல்லை, அந்த வீடும் இல்லை. காப்பி எடுத்த கம்ப்யூட்டரிலேயே காப்பியைச் சோதிப்பது, கணக்கு எழுதியவனையே அதற்குத் தணிக்கை பண்ணச் சொல்வது மாதிரி.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அண்ணாச்சி. மும்பை லாமிங்டன் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாடிக்கையாளர் வந்து, “எல்லாம் பென்டிரைவில் எடுத்தாச்சு, நீ ஃபார்மட் போடு” என்றார். நானும் பெரிய பொறுப்பாளி மாதிரி பென்டிரைவை அதே கம்ப்யூட்டரில் சொருகி நாலு பாட்டைத் தட்டிப் பார்த்தேன். பாடின. ஃபார்மட் போட்டு டிஸ்க்கைத் துடைத்தேன். மறுநாள் அவர் திரும்பி வந்தார். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒன்றும் சொல்லாமல் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்காத எந்தக் காப்பியையும் நான் காப்பி என்று ஒத்துக்கொள்வதில்லை.

சரக்கு வாங்கினால் எடை போட்டுத்தானே எடுப்பீர்கள்? இங்கேயும் அதையே செய்யுங்கள். எந்த ஃபைல் என்றாலும், ஃபோல்டர் என்றாலும் மேலே வலது கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். பாட்டு என்றால் எம்பியில் எடை காட்டும். 1 கேபி, 2 கேபி என்று காட்டினால் (ஏறக்குறைய ஆயிரம் கேபி சேர்ந்தால்தான் ஒரு எம்பி) அது பாட்டின் பெயர்தான், பாட்டு அல்ல.

இந்த எடை வித்தை உங்கள் சிடி சிக்கலையும் சேர்த்தே அவிழ்க்கும். பாட்டு சிடியைத் திறந்தால் ‘டிராக்01’, ‘டிராக்02’ என்று வரிசையாகத் தெரியும், எல்லாம் 1 கேபி. கடைசியில் ‘சிடிஏ’ என்று இருக்கும். அதுவும் சீட்டுதான்: ‘இந்தப் பாட்டு தகட்டில் இந்த இடத்தில் தொடங்குகிறது’ என்பது மட்டுமே அதில் உண்டு. உண்மைச் சரக்கு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி வீதம் தகட்டில் ஃபைலாக இல்லாமல் வேறு விதமாகப் பதிந்திருக்கிறது. அதை இழுத்துப் போட முடியாது, ‘ரிப்’ செய்ய வேண்டும். கீழே சொல்லும் காப்பி வேலை முடிந்த பிறகு, பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோஸ் மீடியா பிளேயரே இதைச் செய்யும். ஆனால் சிடியைப் போடுவதற்கு முன் ஆப்ஷன்ஸில் ‘ரிப் மியூசிக்’ பக்கத்துக்குப் போய், ஃபார்மட்டை எம்பி3 என்று மாற்றி, தரத்தை 192-க்கு மேல் வையுங்கள். மாற்றாமல் விட்டால் டபிள்யூஎம்ஏவாக எடுத்துத் தரும். உங்கள் ஆம்ப்ளிஃபயர் அதை ஏறெடுத்தும் பார்க்காமல் போகலாம். அதே பக்கத்தில் ‘காப்பி ப்ரொடெக்ட்’ என்று ஒரு கட்டம் உண்டு, அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். முன்பு டிக்கோடு எடுத்த பாட்டு ஏதாவது இருந்தால், அது அந்தக் கம்ப்யூட்டரைத் தாண்டிப் பாடாது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், சிடி கையில் இருந்தால் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்ஆம்பில் சேர்த்து வைத்த பிளேலிஸ்டும் இதே ஜாதிதான். ஒரு பிளேலிஸ்டை நோட்பேடில் திறந்து பாருங்கள். வரிவரியாகப் பாட்டுப் பெயர்களும் விலாசங்களும் மட்டும் இருக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பென்டிரைவில் நிஜமான ஃபோல்டரையே ஏற்றியிருப்பீர்கள்; பிரிண்ட் எடுக்கும் கடையில் ஒருமுறை சொருகிவிட்டு வந்தபின் எல்லாம் அம்புக்குறிப் படமாக மாறியிருக்கும். அது வைரஸ் வேலை. உண்மையான ஃபோல்டர்களை ஒளித்துவைத்துவிட்டு அதே பெயரில் போலியை வைத்திருக்கும். அப்போதும் எடைதான் காட்டிக்கொடுக்கும்: கண்ணுக்குத் தெரிவதெல்லாம் 2 கேபி, ஆனால் பென்டிரைவில் 10 ஜிபி செலவாகியிருக்கிறது என்றால் சரக்கு உள்ளேதான் இருக்கிறது. போலிப் படத்தைத் தட்டாதீர்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘மறைந்த ஃபைல்களைக் காட்டு’ என்பதைப் போட்டு, ‘சிஸ்டம் ஃபைல்களை மறை’ என்பதில் இருக்கும் டிக்கை எடுத்தால் நிஜ ஃபோல்டர் மங்கலாகத் தெரியும். அதை வெளியே எடுத்துவிட்டுப் பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள்.

இனி அந்த டக்டக் சத்தம். எனக்கு உங்கள் கடிதத்தில் வயிற்றைக் கலக்கியது அதுதான். ஹார்ட் டிஸ்க்குக்குள் ஊசி மாதிரி ஒரு முனை தகட்டின் மேல் படாமல் ஓடிக்கொண்டிருக்கும். அது இடம் தெரியாமல் திரும்பத் திரும்பத் தடுமாறினால் இந்தச் சத்தம் வரும். இன்னும் ஒரு வருடம் ஓடலாம், நாளைக் காலையிலும் நின்றுவிடலாம். அதனால் சும்மா ஆன் செய்து பாட்டுக் கேட்காதீர்கள். இணையத்தையும் கழற்றிவிடுங்கள், விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, அதன்பின் ஆன் செய்யுங்கள்.

எதை முதலில் எடுப்பது? எல்லாரும் ‘ஏ’ எழுத்தில் இருந்து தொடங்குவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். சினிமாப் பாட்டு எங்கே தேடினாலும் கிடைக்கும். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் பதிவு செய்த வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நீங்களே மைக்கில் பேசிப் பதிந்து வைத்த அறிவிப்புகள், இவற்றுக்கு இந்த உலகத்தில் வேறு காப்பி கிடையாது. அவற்றை முதலில் எடுங்கள். டெஸ்க்டாப்பைத் தொடாமல் ‘கம்ப்யூட்டர்’ என்பதைத் திறந்து, டி டிரைவுக்குள் போய், ஃபோல்டரின் எடையைப் பார்த்துவிட்டுக் காப்பி செய்யுங்கள். மொத்தமாக இழுக்காமல் ஃபோல்டர் ஃபோல்டராக எடுத்தால், ஏதோ ஒரு கெட்டுப்போன பாட்டில் வந்து நின்றாலும் அதுவரை எடுத்தது மிஞ்சும். பாதியில் கம்ப்யூட்டர் உறைந்து நின்றால் திரும்பத் திரும்ப ஆன் செய்து வதைக்க வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி, தனி பவர் அடாப்டரோடு வரும் சாட்டா டு யுஎஸ்பி கேபிள் ஒன்றில் மாட்டி லேப்டாப்பில் சொருகிப் பாருங்கள். லாமிங்டன் ரோட்டில் கிடைக்கும். கழற்றிச் சொருகிய பிறகும் டிரைவ் தெரியவேயில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்கள். ஃபிரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது வந்து சொல்வார்கள். ஃபிரீசரில் மீன் வைக்கலாம்.

அடுத்தது விண்ஆம்ப். பாட்டுக்கும் மென்பொருளுக்கும் இங்கேதான் வித்தியாசம். பாட்டு என்பது அரிசி மூட்டை. எங்கே தூக்கிக்கொண்டு போனாலும் அரிசிதான். மென்பொருள் என்பது நட்ட வாழை. தண்டை மட்டும் வெட்டிக்கொண்டு வந்தால் வேர் அங்கேயே தங்கிவிடும். விண்ஆம்பை நிறுவும்போது அது விண்டோஸுக்குள் பல இடங்களில் குறிப்புகளையும் துணை ஃபைல்களையும் பதித்துவைக்கும். ஃபோல்டரை மட்டும் தூக்கி வந்ததால்தான் டிஎல்எல் என்ற துணை ஃபைல் இல்லை என்கிறது. அந்த டிஎல்எல் பெயரைக் கூகுளில் போட்டு, ஒற்றை ஃபைலாக இறக்கித் தரும் தளங்களுக்கு மட்டும் போகாதீர்கள், அது தெருவில் கிடந்த மாத்திரையை எடுத்து விழுங்குவதற்குச் சமம். இப்படி ‘இல்லை’ என்று வருவதில் பெரும்பகுதி, மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற துணைத் தொகுப்பைப் போட்டால் தீர்ந்துவிடும். 64 பிட் விண்டோஸாக இருந்தாலும் பழைய 32 பிட் மென்பொருளுக்கு 32 பிட் வகைதான் வேண்டும். அதனால் இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் லேப்டாப்பில் அதற்கு முன்பே ஒரு கதவு பூட்டியிருக்கிறது. ‘ஸ்டோரில் இருந்துதான் போடணும்’ என்கிறது என்றீர்களே, கடையில் விற்கும் சில லேப்டாப்கள் ‘எஸ் மோட்’ என்ற நிலையில் வரும். அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரைத் தாண்டி எதையும் நிறுவ முடியாது. செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போய்ப் பாருங்கள். ‘எஸ் மோட்’ என்று இருந்தால் அங்கேயே அதிலிருந்து வெளியேறும் வழியும் இருக்கும். காசு கிடையாது. ஆனால் வெளியே வந்தபின் திரும்ப உள்ளே போக முடியாது. இதற்காக ஒரு கடைக்காரர் ஐநூறு ரூபாய் கேட்டால் கொடுக்காதீர்கள், இரண்டு நிமிட வேலை. எஸ் மோட் இல்லை என்றால், செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதியில் ‘ஆப்களை எங்கிருந்து எடுப்பது’ என்ற இடத்தில் ‘ஸ்டோர் மட்டும்’ என்று இருக்கும். அதை மாற்றினால் போதும்.

என்னைக் கேட்டால், பாட்டுப் போட மட்டும்தான் லேப்டாப் என்றால் எஸ் மோடை விட்டு வெளியே வராமலேயே ஸ்டோரில் விஎல்சி என்ற இலவச பிளேயரைப் போட்டுக்கொள்வேன். உங்களுக்கு விண்ஆம்ப் கைப்பழக்கம், 1997-ல் வந்த காலத்தில் இருந்தே மைக்செட்காரர்களுக்கு அதன் மேல் ஒரு பிரியம். அது எனக்குப் புரிகிறது. அப்படியென்றால் வெளியே வாருங்கள், ஆனால் விண்ஆம்பின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். கூகுளில் தேடினால் மேலே ‘விளம்பரம்’ என்று வருவதையும், பச்சை நிறத்தில் பெரிதாக ‘டவுன்லோட்’ என்று மின்னுவதையும் தொடாதீர்கள். நிறுவும்போது ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டே போகாமல் ஒவ்வொரு பக்கத்திலும் கூடவே வேறு எதையாவது சேர்க்கச் சொல்லி டிக் இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது பூட்டை உடைத்த திருட்டு மென்பொருளை ‘கிராக்’ என்று பென்டிரைவில் கொடுத்து, “ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க” என்றால், அந்தப் பென்டிரைவை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, சடங்கு வீட்டுக் குத்துப்பாட்டுக்கு வருகிறேன். சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

கம்ப்யூட்டர் பாட்டுகளைப் பெயர் வரிசையில் அடுக்கிக் காட்டும். ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் சின்ன யுஎஸ்பி பலகைக்குப் பெரும்பாலும் அவ்வளவு படிப்பு கிடையாது. பென்டிரைவில் ஒரு பதிவேடு இருக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சேர்ந்த தேதிப்படி பெயர் எழுதுவது போல, எந்தப் பாட்டு எப்போது ஏறியதோ அந்த வரிசையில் அதில் எழுதப்பட்டிருக்கும். பலகை அதை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். இதில் ஒரு குறும்பு உண்டு. முதலில் இருந்த ஒரு பாட்டை நீங்கள் அழித்தால் பதிவேட்டில் அந்த வரி காலியாகும். பிறகு ஏற்றும் பாட்டு அந்தக் காலி வரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். சடங்குக்கு முன்னால் பழைய பிள்ளையார் பாட்டை அழித்துவிட்டு நல்ல பதிவாக மாற்றினீர்களா? நடுவில் யாரோ ஒரு பையன் தனக்குப் பிடித்த பாட்டையும் ஏற்றிக் கேட்டானா? அப்படியென்றால் பிள்ளையார் இடத்தில் குத்துப்பாட்டு வந்ததன் ரகசியம் இதுதான்.

தீர்வு: நிகழ்ச்சிக்கான பென்டிரைவில் பாட்டை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். பட்டியலை லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரில் தயார் செய்து, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 001, 002 என்று எண் போடுங்கள். வெறும் 1, 2 என்று போட்டால் சில கருவிகள் 1-க்கு அடுத்து 10-ஐ எடுக்கும். பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுத்து, 001-ன் மேலேயே மவுஸை வைத்து இழுத்துப் போடுங்கள். வேறு ஒன்றைப் பிடித்து இழுத்தால் அதிலிருந்து காப்பி தொடங்கக்கூடும். அப்படியும் வரிசை மாறினால் ‘டிரைவ்சார்ட்’ என்ற சிறிய மென்பொருள், பதிவேட்டையே பெயர் வரிசைக்கு மாற்றி எழுதிவிடும். பென்டிரைவ் 32 ஜிபிக்கு மேல் வாங்க வேண்டாம். அதைவிடப் பெரியது பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் வரும், பல ஆம்ப்ளிஃபயர்களுக்கு அது புரியாது. விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டியும் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தராமல் இருந்தே பழகியது. கல்யாணத்துக்கு ஒன்று, சடங்குக்கு ஒன்று, கோயில் கொடைக்கு ஒன்று என்று சின்னச் சின்னதாக வாங்கி, கலர் நூல் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று தேடும்போது அந்த நூல்தான் கைகொடுக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேசட்டிலிருந்து எடுத்த பாட்டு மெதுவாகவும், புதுப் பாட்டு காதைக் கிழிப்பதாகவும் வந்து, ஒவ்வொரு தடவையும் வால்யூமைத் திருகிக்கொண்டு நிற்பீர்கள்தானே? ‘எம்பி3கெயின்’ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஃபோல்டர் மொத்தத்தையும் கொடுத்தால் எல்லாப் பாட்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும். பாட்டைத் திரும்ப அமுக்கிப் பதியாததால் தரம் குறையாது. மூலத்தில் செய்யாமல் காப்பியில் செய்யுங்கள்.

மகளுடைய ஐபோன் விஷயம் எளிது. கேபிளில் சொருகினால் லேப்டாப்புக்கு அதன் போட்டோக்கள் மட்டும்தான் தெரியும், பாட்டை இழுத்துப் போட இடமே இருக்காது. முறைப்படி செய்வதென்றால் ஸ்டோரில் இருந்து ஐடியூன்ஸோ, இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கும் ஆப்பிள் மியூசிக், ஆப்பிள் டிவைசஸ் ஆப்களோ போட வேண்டும். ஆனால் புதுக் கம்ப்யூட்டரில் ‘சிங்க்’ கொடுக்கும்போது ‘ஏற்கெனவே இருப்பதை அழித்துவிட்டு’ என்று ஒரு கேள்வி வரும். அதைப் படிக்காமல் ஓகே தட்டியவர்கள் போனில் இருந்த பாட்டையெல்லாம் தொலைத்துவிட்டு என்னிடம் வருவார்கள். ஐம்பது வில்லுப்பாட்டுக்கு அவ்வளவு சுற்று வேண்டாம். ஐபோனில் விஎல்சி போட்டு, அதில் ‘வைஃபை ஷேரிங்’கை ஆன் செய்யச் சொல்லுங்கள். ஒரு விலாசம் காட்டும். அதை லேப்டாப் பிரவுசரில் அடித்தால் ஒரு பக்கம் திறக்கும், பாட்டை அதில் இழுத்துப் போட்டால் போதும். இரண்டும் வீட்டில் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை லேப்டாப்பில் சொருகி, பழைய கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிட்டு, ஒவ்வொரு ஃபோல்டரிலும் நாலு பாட்டைத் தட்டிப் பாருங்கள். எடையும் ஒத்துவர வேண்டும். ஒத்து வந்தால் பங்கார்காரரை வரச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கேபினெட்டையும் பவர் சப்ளையையும் அவர் தராசில் போடட்டும், முள்ளை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.